முதியோர் இல்லமும் சப்ளையர்களும்: சுற்றுச்சூழல் இலக்கை எங்கே தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ச் சபை, அறுபது பேர் தங்கும் முதியோர் இல்லம் நடத்துகிறது. நன்கொடை கொடுக்கும் கம்பெனி ஒன்று, "உங்கள் சப்ளையர்களோடு சேர்ந்து சுற்றுச்சூழல் இலக்கு வைத்து, வருட முடிவில் கணக்குக் காட்டுங்கள்" என்று எழுதி, கூடவே பதினாலு பக்கக் கேள்விப் படிவமும் அனுப்பியிருக்கிறது. "எங்களுக்குக் காய் போடுகிறவர் ஒரே ஒரு பக்கி (சிறு சரக்கு வண்டி) வைத்திருப்பவர். அவரிடம் இதை எப்படி நீட்டுவது?" என்று கமிட்டிச் செயலாளர் கேட்கிறார்.

அந்தப் படிவத்தை அவரிடம் நீட்டவே வேண்டாம். நீட்டினால் எல்லாக் கட்டத்திலும் 'ஆம்' போட்டுக் கையெழுத்திட்டுத் தந்துவிடுவார். வியாபாரம் போய்விடுமோ என்ற பயத்தில் போடும் 'ஆம்' அது. உங்கள் கோப்பு தடிக்கும், பக்கியில் எரியும் டீசல் ஒரு லிட்டர்கூடக் குறையாது.

இப்படிப் படிவம் கேட்கும் வழக்கம் பெரிய கொள்முதல்காரர்களிடமிருந்து வந்தது. இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பான என்.எச்.எஸ். தன் கரிம வெளியேற்றத்தில் 62 விழுக்காடு சப்ளையர்கள் வழியாக வருவதாகக் கணக்கிட்டது. 2045-க்குள் அதையும் சேர்த்துச் சுழியமாக்குவோம் என்று அறிவித்தது. 2023 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 50 லட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களுக்குக் கரிமக் குறைப்புத் திட்டம் கட்டாயமானது. 2024 ஏப்ரலில் சிறிய கொள்முதல்களுக்கும் அளவுக்குத் தக்கபடி அது நீண்டது. அத்தனை பணத்தைக் கையில் வைத்திருப்பவர் கேட்டால் கம்பெனிகள் ஆள் வைத்தாவது எழுதித் தரும். அறுபது பேர் இல்லத்துக்கு அந்தப் பலம் இல்லை.

வேறு பலம் இருக்கிறது. எந்த நாளில் ஆர்டர் கொடுப்பது, எந்த அளவுப் பொட்டலத்தில் வாங்குவது, எந்தக் கூடையைத் திருப்பி அனுப்புவது, பில்லை எத்தனை நாளில் தீர்ப்பது, இவை நான்கும் உங்கள் கையில். நான்காவதைப் பலர் கவனிப்பதில்லை. அறுபது நாள் கழித்துப் பணம் பார்க்கும் சிறு வியாபாரியிடம் போய், "ஏழு நாளில் தீர்த்துவிடுகிறோம், பதிலுக்கு இந்த மூன்றைச் செய்து கொடுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். எந்தப் படிவத்தையும்விட அது வேலை செய்யும்.

முதல் வேலை, பன்னிரண்டு மாதப் பில்களை மேசையில் பரப்புவது. ஒவ்வொரு சப்ளையருக்கும் ஒரு வரி: எத்தனை ராண்ட், எத்தனை கிலோ அல்லது லிட்டர், மாதம் எத்தனை தடவை வண்டி வந்தது. ராண்ட் மட்டும் எழுதினால் விலையேற்றம் கணக்கைக் கெடுத்துவிடும். அடுத்த ஆண்டு ஒப்பிட முடியாது. கிலோவும் லிட்டரும் பொய் சொல்லாது. பணத்தின் பெரும்பகுதி எட்டுப் பத்துப் பேரிடம்தான் போகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். மற்றவர்களை இந்த வருடம் தொடாதீர்கள்.

கரிமக் கணக்குக்கு மூன்று எண்கள் போதும். அரசு மின் நிறுவனமான எஸ்கோமின் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியில் வருவதால் ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ கரியமில வாயு. டீசல் ஒரு லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ. சமையல் காஸ் ஒரு கிலோவுக்குச் சுமார் 3 கிலோ. உணவுக்கும் நாப்பிக்கும் (பெரியவர்களுக்கான டயப்பர்) கரிம எண் தேடி அலைய வேண்டாம். அவற்றை எடையில் மட்டும் கணக்கு வையுங்கள்.

இந்த எண்களை வைத்துப் பார்த்தால் எது பெரிது, எது சிறிது என்பது தெளிந்துவிடும். கிளேர்வுட் மொத்தச் சந்தையிலிருந்து காய் வரும் பக்கி, போக வர 30 கிலோமீட்டர், 3 லிட்டர் டீசல் என்று வையுங்கள். வாரம் ஐந்து நடையை இரண்டாக்கினால் 9 லிட்டர் மிச்சம். வருடத்துக்கு 468 லிட்டர், அதாவது ஒன்றேகால் டன். நல்லதுதான். இப்போது வெந்நீரைப் பாருங்கள். ஆளுக்கு நாளைக்கு 40 லிட்டர், அறுபது பேருக்கு 2,400 லிட்டர். 20 பாகையிலிருந்து 60 பாகைக்கு ஏற்ற 112 யூனிட் வேண்டும். சாதாரணக் கீசரை எடுத்துவிட்டு ஹீட் பம்ப் (சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை இழுத்துத் தண்ணீரைச் சூடாக்கும் கருவி) வைத்தால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் செலவாகும். நாளைக்கு 75 யூனிட், வருடத்துக்கு 27,000 யூனிட், 27 டன். காய்காரரை இருபது வருடம் விரட்டினாலும் இந்த ஒரு வருடக் கணக்கு வராது. ஆகவே உங்கள் முதல் 'சப்ளையர் பேச்சுவார்த்தை' வெந்நீர் கருவி போடுகிறவரோடு நடக்கட்டும்.

அதில் தவறு நடக்கும் இடங்கள் தெரிந்தவை. டர்பன் கடற்காற்றில் உப்பு. பூச்சில்லாத சுருள்தகடு சில வருடங்களில் அரித்துவிடும். உப்பைத் தாங்கும் பூச்சு உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். காற்றோட்டமில்லாத அறையில் வைத்தால் தான் விட்ட குளிர்காற்றையே திரும்ப இழுத்துத் திணறும். ஆயாக்களும் தாத்தாக்களும் காலை ஐந்திலிருந்து எட்டுக்குள் குளித்துவிடுவார்கள். அந்த மூன்று மணி நேரத்தைத் தாங்கத் தொட்டி பெரிதாக இருக்க வேண்டும், பழைய எலிமென்ட் துணைக்கு இருக்க வேண்டும். சிக்கனம் நன்றாகத் தெரியட்டும் என்று சிலர் தொட்டியை 50 பாகையில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். லீஜியனெல்லா கிருமி வளர அது வழிவிடும். தொட்டி 60-க்குக் குறையக் கூடாது; குளியலறைக் குழாயில் கலப்பு வால்வு போட்டு 43 பாகையைத் தாண்டாமல் காக்க வேண்டும், முதியவர்களின் தோல் சீக்கிரம் வெந்துவிடும். தனி மீட்டர் கேளுங்கள். தொகையில் பத்து விழுக்காட்டை ஆறு மாதம் நிறுத்திவைத்து, மீட்டர் சொன்னபடி ஓடினால் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். தன் கணக்கில் நம்பிக்கை உள்ளவர் ஒப்புக்கொள்வார்.

அடுத்தது நாப்பி. இதைப் பற்றிப் பேசக் கமிட்டிகள் கூச்சப்படுகின்றன, ஆனால் இல்லத்தின் குப்பையில் பாரமானது இதுதான். அறுபதில் முப்பத்தைந்து பேர், ஆளுக்கு நான்கு: நாளைக்கு 140. நனைந்த ஒன்று சராசரி 400 கிராம் என்றால் 56 கிலோ, மாதம் 1,700 கிலோ. இதைக் குறைக்க 'மக்கும் நாப்பி' தேடிப் போக வேண்டாம். அளவும் உறிஞ்சும் தரமும் ஆளுக்கேற்றபடி இல்லாததுதான் வீணின் முதல் காரணம். ஸ்டோரில் ஒரே ரகம் இருக்கும். எல்லோருக்கும் அதிக உறிஞ்சல் கொண்ட பெரியது. மெலிந்த ஆயாவுக்கு அது தொடையோரம் வழியும். வழிகிறதே என்று ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு வைப்பார்கள். மேலுள்ளதன் அடியில் பிளாஸ்டிக் படலம் இருப்பதால் ஈரம் கீழுள்ளதற்கு இறங்காது. செலவு இரட்டிப்பு, சூடும் ஈரமும் சேர்ந்து தோல் புண்ணாகும். புண்ணுக்குக் கெட்டியான துத்தநாகக் களிம்பை அப்புவார்கள். அந்த எண்ணெய்ப்பசை நாப்பியின் மேல்துணியை அடைத்து உறிஞ்சவிடாமல் செய்யும், மறுபடி வழியும். இந்தச் சுழலில் மாட்டிய இல்லம் எவ்வளவு வாங்கினாலும் போதாது.

வழி இது. ஒவ்வொருவருக்கும் மூன்று நாள் குறிப்பு எழுதுங்கள்: எத்தனை மணிக்கு மாற்றியது, நனைந்ததா காய்ந்ததா, எடை எவ்வளவு. சமையலறைத் தராசு வேண்டாம், இதற்கென ஒன்று வாங்குங்கள். பெரிய சப்ளையர்கள் பலரிடம் செவிலியர் ஒருவர் இருப்பார்; அவரை வரவழைத்து இடுப்பளவு எடுக்கச் சொல்லுங்கள். மூன்று அளவு, மூன்று உறிஞ்சல் தரம், யாருக்கு எது என்று அலமாரிக் கதவின் உட்புறம் பட்டியல் ஒட்டுங்கள். வெளிப்புறம் ஒட்டினால் வருகிறவர் போகிறவர் எல்லோரும் படிப்பார்கள். களிம்பை மெல்லியதாக, பட்டாணி அளவு. பகலில் குறித்த நேரத்தில் கழிப்பறைக்கு அழைத்துப் போக ஆள் இருந்தால் சிலருக்கு நாப்பி தேவையே குறையும், அவர்கள் மானமும் காக்கப்படும்.

இதில் ஒரு சிக்கல், விற்கிறவரின் செவிலியர் குறைவாக வாங்கச் சொல்வாரா என்பது. பொட்டலத்துக்கு விலை பேசும்வரை சொல்ல மாட்டார். 'ஒருவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு' என்று விலை பேசுங்கள். அப்போது வீணானால் நஷ்டம் அவருக்கு, சரியான அளவு எடுப்பதில் அவருக்கும் அக்கறை வரும். ஆனால் 'மாற்றுவதற்கு உச்சவரம்பு கிடையாது, நனைந்தால் மாற்றுவோம்' என்ற வரி ஒப்பந்தத்தில் இருந்தே ஆக வேண்டும். இலக்குக்காக ஒரு முதியவர் ஈரத்தில் கிடப்பதை எந்தக் கணக்கும் ஈடுகட்டாது.

துப்புரவு மருந்துகளில் வேலை எளிது. 750 மில்லி தெளிப்புப் புட்டிகளாக வாங்குவதை நிறுத்தி, அடர் திரவமாக 5 லிட்டர் கேன் வாங்குங்கள். ஒன்றுக்கு ஐம்பது கலக்கும் ரகமானால் ஒரு கேன் 250 லிட்டராகும். முந்நூற்றுச் சொச்சம் புட்டிகள் மிச்சம். சுவரில் பொருத்தும் கலவைக் கருவியைச் சப்ளையரே இலவசமாகத் தருவது வழக்கம், கேளுங்கள். அதன் நுனி அடைத்துக்கொண்டால் வெறும் தண்ணீர்தான் வரும், யாருக்கும் தெரியாது. மாதம் ஒருமுறை அளவுக் குவளையில் பிடித்துப் பாருங்கள். புட்டியைக் கழுவாமல் மேலே மேலே நிரப்பினால் கிருமி வளர்க்கும் கூடாகிவிடும்: வாரம் ஒருமுறை கழுவிக் காயவைத்து, பெயரும் தேதியும் எழுதி நிரப்ப வேண்டும். ஜிக் போன்ற 3.5 விழுக்காட்டு பிளீச்சில் ஒரு பங்குக்கு 34 பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.1 விழுக்காடு, அன்றன்றைக்குக் கலக்குங்கள், மறுநாள் வலு போய்விடும். கழிப்பறை அமிலத்தோடு சேர்த்துவிட்டால் குளோரின் வாயு கிளம்பும்.

காலி கேனைத் திரும்ப எடுத்துக்கொள்வது சப்ளையர் செய்யும் தயவு என்று நினைக்க வேண்டாம். 2021 முதல் தென்னாப்பிரிக்காவில் பொட்டலப் பொருளைச் சந்தைக்கு விடுகிறவரே பயன்பாட்டுக்குப் பின் அதற்கும் பொறுப்பு என்ற விதி நடப்பில் இருக்கிறது. பெட்கோ, பாலிகோ போன்ற அமைப்புகள் அதற்காகத்தான் இயங்குகின்றன. "நீங்கள் எந்த அமைப்பில் பதிந்திருக்கிறீர்கள்?" என்று உற்பத்திக் கம்பெனியைக் கேளுங்கள். பக்கிக்காரரைக் கேட்காதீர்கள், அவர் உற்பத்தியாளர் இல்லை. 'ஆக்சோ' ரகப் 'பசுமை' பிளாஸ்டிக் பைகளை யாராவது சலுகையாகத் தள்ளினால் வாங்க வேண்டாம். அது மக்காது, பொடியாகிக் கண்ணுக்குத் தெரியாத துணுக்காகும். ஐரோப்பிய ஒன்றியம் 2021-ல் அதைத் தடை செய்துவிட்டது.

கையுறை விஷயத்தில் இரண்டு கேள்விகள். எவ்வளவு தேவை என்பது ஒன்று. சோறு ஊட்ட, சுத்தமான படுக்கை விரிக்க, கைபிடித்து நடத்திப் போகக் கையுறை வேண்டாம். கை கழுவினால் போதும். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை 2018-ல் இதைச் சொல்லித் தொடங்கிய இயக்கம் ஓராண்டில் 21 டன் பிளாஸ்டிக்கைக் குறைத்தது. யார் கையால் செய்யப்பட்டது என்பது இரண்டாவது. உலகக் கையுறையில் கணிசமான பகுதி மலேசியாவிலிருந்து வருகிறது. 2020-ல் அங்குள்ள பெரிய நிறுவனம் ஒன்றின் சரக்கை, கட்டாய உழைப்பு என்று சொல்லி அமெரிக்கச் சுங்கத்துறை தடுத்தது. வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளர்கள் ஆள்பிடிப்பவர்களுக்குக் கட்டிய பணத்தை அந்த நிறுவனம் பிறகு திருப்பிக் கொடுத்தது. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக டர்பன் உள்ள நேட்டால் பகுதிக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் நடத்தும் சபை, "தொழிலாளரிடம் ஆள்பிடிப்புக் கட்டணம் வாங்குவதில்லை என்று எழுத்தில் தருவீர்களா?" என்று கேட்கத் தயங்கக் கூடாது. இறக்குமதிக் கம்பெனியிடம் இதற்குப் பதில் இருக்க வேண்டும்.

சாப்பாட்டில் முதலில் எடை போடுங்கள். இரண்டு வாளி, ஏழு நாள்: ஒன்றில் சமையலறைக் கழிவு, மற்றதில் தட்டில் மிஞ்சியது. வேளை வாரியாக எழுதுங்கள். தட்டில் மிஞ்சினால் உடனே அளவைக் குறைத்துவிடாதீர்கள். பல்செட் சரியில்லை, நேரம் போதவில்லை, மாலை ஐந்துக்கே இரவுச் சாப்பாடு, இப்படிக் காரணம் வேறாக இருக்கலாம். பருப்பும் முட்டையும் மீனும் குறைந்தால் எலும்பும் தோலுமாகிவிடுவார்கள். குறைக்க வேண்டியது சட்டியில் மிஞ்சும் சோற்றைத்தான்.

மூன்று வாரச் சமையல் பட்டியலைக் காய்காரரிடம் முன்கூட்டியே கொடுங்கள். அவர் சந்தையில் நிதானமாக வாங்குவார், நடையும் தானாகக் குறையும். கூடைகளை இரண்டு செட்டாக வைத்து, ஒன்று வர ஒன்று போகட்டும். புரட்டாசியில் ஊரே இறைச்சியை விட்டுவிடும்; உங்கள் இல்லத்திலும் கோழி ஆர்டர் படுத்து, காய் ஆர்டர் எகிறும். இதை ஆகஸ்டு முதல் வாரமே இரண்டு பேருக்கும் எழுதிக் கொடுங்கள், இல்லாவிட்டால் கோழி வீணாகும், காய் விலை கடிக்கும். அரிசியும் மைசூர் பருப்பும் கப்பலில்தான் வருகின்றன, அதற்காகத் தாத்தாவின் தட்டில் சோற்றை மறுக்க முடியாது. வாரம் இரண்டு வேளை சுகர் பீன்ஸ் கறி, நாம் 'ஹெர்ப்ஸ்' என்று சொல்லும் கீரை, உம்பும்புலு பக்கம் சிறு விவசாயிகள் போடும் மடும்பி (சேப்பங்கிழங்கு) என்று சேருங்கள். அவர்கள் விரும்பிச் சாப்பிடும் பொருள்கள்தானே. சமைத்த உணவு கொண்டுவருகிறவரிடம் ஆர் 638 என்ற உணவுச் சுகாதார விதிப்படி நகராட்சி தரும் ஏற்புச் சான்றைப் பாருங்கள்.

உங்களுக்குத் தெரியாமலே இன்னொரு சப்ளையர் கூட்டம் இருக்கிறது: பிறந்தநாளுக்கும் திதிக்கும் சாப்பாடு கொண்டுவரும் குடும்பங்கள். பாலிஸ்டைரீன் டப்பாவில் அறுபது பிரியாணி, கூடவே நீரிழிவுக்காரர்களுக்கு இனிப்பு. அன்று உங்கள் சமையலும் தயாராகி இருக்கும். இரண்டில் ஒன்று குப்பைக்கு. ஒரு நாட்காட்டி வையுங்கள்: எந்த நாள் யார், இரண்டு நாள் முன்பே உறுதி. "எங்கள் பாத்திரத்தில் கொண்டுவாருங்கள், அல்லது அன்றைய காய்க்குப் பணம் கட்டுங்கள்" என்று பணிவாகச் சொல்லலாம். சபைக்கு வருமான வரிச் சட்டத்தின் 18ஏ பிரிவு அங்கீகாரம் இருந்தால் நன்கொடைக்கு வரிச் சான்றும் கொடுக்க முடியும்.

சலவையை வெளியே கொடுத்தால் மூன்று எண்கள் கேளுங்கள்: ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை விழுக்காடு மறுசலவை, கொதிகலனில் எரிவது எது. பிரிட்டனில் கிருமிநீக்கச் சலவைக்கு 65 பாகையில் பத்து நிமிடம் அல்லது 71-ல் மூன்று நிமிடம் என்பது வழக்கு. அதைவிடச் சூடாக்கினால் காசும் துணியும்தான் போகும். பாலிதீன் சுற்றுக்குப் பதில் துணிப்பை.

நடையைக் குறைக்கும்போது ஸ்டோர் நிறைய வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் கடைகளும் கிடங்குகளும் எரிந்தன, டர்பனை ஜோகன்னஸ்பர்க்கோடு இணைக்கும் என்3 சாலை மூடியது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பாலங்கள் போயின, டர்பனுக்கு வடக்கே டோங்காட்டில் பல மாதம் குழாய்த் தண்ணீர் இல்லை. நாப்பியும் மருந்தும் ஏழு நாளுக்கு, அரிசி பருப்பு மாவு பதினாலு நாளுக்கு எப்போதும் இருப்பில் இருக்கட்டும். முக்கியமான பொருளுக்கு வேறு திசையிலிருந்து வரும் இரண்டாவது சப்ளையர் ஒருவரும் பட்டியலில் இருக்கட்டும்.

சங்கடமானது ஒன்றும் உண்டு. பல சபைகளில் காய் போடுகிறவர் கமிட்டி உறுப்பினரின் மைத்துனராக இருப்பார். அதில் குற்றமில்லை. ஆனால் அந்த உறுப்பினர் உறவை மினிட்ஸில் பதிந்துவிட்டு, அந்தப் பேச்சு நடக்கும்போது வெளியே போக வேண்டும். இல்லாவிட்டால் 'பசுமை' என்ற பெயரில் பழைய ஆளை நீக்கினார்கள், வேண்டியவருக்குக் கொடுத்தார்கள் என்ற பேச்சு கிளம்பி எல்லாம் நின்றுவிடும்.

ஒப்பந்தம் ஒரே பக்கம் போதும், இரண்டு மொழியில். ஆண்டு விற்பனை ஒரு கோடி ராண்டுக்குள் உள்ள சிறு வியாபாரியிடம் பி.இ.இ. (கறுப்பின மக்களின் பொருளாதார மேம்பாட்டுக் கொள்கை) சான்றுக்கே ஒரு பிரமாண வாக்குமூலம் போதும் என்று அரசாங்கம் விட்டிருக்கிறது; நீங்களும் அந்த அளவுக்கு மேல் காகிதம் கேட்காதீர்கள். அவர் செய்யும் மூன்று காரியம், நீங்கள் செய்யும் இரண்டு காரியம், அளக்கும் எண், மூன்று மாதத்துக்கு ஒருமுறை உட்காரும் தேதி. உங்கள் பக்கத்து இரண்டும் இல்லாத ஒப்பந்தத்தை அவர் மதிக்க மாட்டார். ஃபீனிக்ஸ், மேர்பேங்க் பக்கத்து இல்லங்களும் சேர்ந்து ஒரே வண்டியில் நாப்பியும் மருந்துத் திரவமும் எடுத்தால் விலையும் நடையும் இன்னும் இறங்கும். முதல் வருடம் மூன்று சப்ளையர் போதும்: வெந்நீர், நாப்பி, காய்.

நன்கொடைக் கம்பெனிக்குப் போகும் அறிக்கையில் யூனிட், கிலோ, லிட்டர், நடை என்று நான்கு பத்தி, சென்ற ஆண்டும் இந்த ஆண்டும். தங்கியிருந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்துக் காட்டுங்கள். பத்துப் பேர் குறைந்துபோன வருடத்தில் எல்லா எண்ணும் தானாக இறங்கும், அதைச் சாதனையாகக் காட்டிவிடக் கூடாது. ஐந்தாவது பத்தியாகப் படுக்கைப்புண், எடை குறைந்தவர்கள், வெந்நீர் புகார் எத்தனை என்று சேருங்கள். அது ஏறியிருந்தால் எந்த மாற்றத்தால் ஏறியது என்று பார்த்து, அந்த மாற்றத்தை அந்த மாதமே நிறுத்திவிட்டு, நிறுத்தியதையும் அறிக்கையில் எழுதுங்கள்.